ஒட்டும் உறவும்



"அவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது" என்று கோபம் வந்தால் சொல்லிவிடுகிறோம். அப்புறம் கல்யாணம் கார்த்திகை என்று வந்தால் பேசாமல் இருக்க முடிகிறதா? ஊர் உலகத்துக்கே இப்படி என்றால், நம் உடம்புக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. உடம்பு நடப்பதே இந்த ஒட்டையும் உறவையும் நம்பித்தான். இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். செங்கல் அடுக்கி வீடு கட்டுவதுபோல் செல்களை அடுக்கி உடம்பு கட்டியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வெறும் செங்கலை அடுக்கினால் சுவர் நிற்குமா? கலவை வேண்டாமா? அந்தக் கலவை எது என்பதைப் பள்ளிப் பாடத்தில் யாரும் அதிகம் சொல்வதில்லை. செல்கள் ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன, எப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பது தெரிந்தால், பிரசவ வலி, தாய்ப்பால், கொப்புளம், புண் என்று நாம் அன்றாடம் பார்க்கிற பல விஷயங்களுக்கு அர்த்தம் புரிந்துவிடும்.

1907-ல் அமெரிக்காவில் வில்சன் என்ற பேராசிரியர் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். கடற்பஞ்சு என்று ஒரு பிராணி இருக்கிறது. பார்த்தால் செடி மாதிரிதான் இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. அதைத் துண்டாக்கி, மாவு மில்லில் சலிப்பதற்கு வைத்திருக்கும் மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தார். தேங்காய்ப் பால் பிழிகிறோமே, அது மாதிரி! செல்கள் எல்லாம் தனித்தனியாக உதிர்ந்து கடல் தண்ணீருக்குள் விழுந்தன. கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? முடியவில்லை. உதிர்ந்த செல்கள் மெல்ல ஊர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து, சின்னச் சின்ன உருண்டையாகி, நாளாவட்டத்தில் மறுபடியும் கடற்பஞ்சாகவே ஆகிவிட்டன! தன் கூட்டத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் குணம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

எதைக் கொண்டு பிடித்துக்கொள்கின்றன? அதைப் பின்னால் ஜப்பானில் கியோட்டோவில் தக்கேய்ச்சி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். செல்லின் மேல்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைப் புரதம்தான் அந்தக் கை. கால்சியம் இருந்தால்தான் அந்தக் கை விறைப்பாக நின்று பக்கத்துச் செல்லின் கையைப் பிடிக்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் செல்கள் பிரிந்துவிடும். 1980-களில் அதற்கு 'கேடெரின்' என்று பெயர் வைத்தார். உடனே கால்சியம் மாத்திரை வாங்க ஓடாதீர்கள்! ரத்தத்தில் எவ்வளவு கால்சியம் வேண்டுமோ அதை உடம்பே அளந்து வைத்துக்கொள்கிறது. மாத்திரை தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

செல்களுக்குள் இருக்கும் இந்தப் பிடிப்பு மூன்று தினுசு. நம் வீட்டுச் சாமான்களை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, டிச் பட்டன். ஜாக்கெட்டில் தைக்கிறோமே, அதேதான். ஒரு செல்லில் பாதி, அடுத்த செல்லில் பாதி. இரண்டும் சேர்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இழுத்தாலும் தேய்த்தாலும் பிரியாது. இதற்கு 'டெஸ்மோசோம்' என்று பெயர். தோலிலும், வாயின் உள்பக்கத்திலும், இதயத்திலும் இது ஏராளம். பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, அம்மி அரைத்தும் நம் கைத்தோல் உரிந்து வராமல் இருக்கிறதென்றால் இந்தப் பட்டன்களின் புண்ணியம்தான்.

இரண்டாவது, குக்கர் கேஸ்கட். சத்தம் போடாமல் சுற்றிலும் இறுக்கி அடைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது வெளியே போகாமல், வெளியே இருப்பது உள்ளே வராமல் காக்கும். குடலில் சாப்பாடு போகிற வழிக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இந்த அடைப்புத்தான் காவல்.

மூன்றாவது, நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு கரண்டி சர்க்கரை கடன் வாங்கவும், "கரண்ட் போச்சா உங்களுக்கும்?" என்று கேட்கவும் ஒட்டு வீடுகளில் ஜன்னல் இருக்கும் அல்லவா? இரண்டு செல்களின் ஜன்னல்கள் நேருக்கு நேர் சேர்ந்து ஒரு குழாய் மாதிரி ஆகிவிடும். பக்கத்துக்கு ஆறு புரதம், ஆக மொத்தம் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ஜன்னல். அது வழியாக உப்புச் சத்தும் சின்னச் சின்னச் சேதிகளும் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும். நம் இதயம் 'லப் டப்' என்று ஒரே தாளத்தில் துடிப்பது இந்த ஜன்னல் பேச்சினால்தான். இதயத்தில் உள்ள ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்குத் துடித்தால் நம் கதி என்ன ஆகும்!

இனி, பெண்களான நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

கர்ப்பப்பை முழுக்கத் தசைதான். மாதக் கணக்கில் குழந்தையைச் சுமந்துகொண்டு அது அமைதியாகவே இருக்கிறதே, எப்படி? அந்தத் தசைச் செல்களுக்கு நடுவில் அந்தக் காலத்தில் ஜன்னல்கள் ரொம்பக் குறைவு. ஓர் ஓரத்தில் தசை சுருங்கினாலும் சேதி மற்ற பக்கத்துக்குப் போவதில்லை. ஏழு, எட்டாம் மாதத்தில் வயிறு திடீரென்று கல் மாதிரி இறுகிப் பிறகு தானாகத் தளர்வது அதனால்தான். பெரியவர்கள் 'பொய் வலி' என்பார்கள். பிரசவம் நெருங்க நெருங்க, ஹார்மோன்கள் மாறுவதால், ஜன்னல்கள் மளமளவென்று பெருகுகின்றன. 1977-ல் கார்ஃபீல்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளின் கர்ப்பப்பையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இதைச் சொன்னார்கள். பிறகு மனுஷிகளிடத்திலும் அப்படியே என்று தெரிந்தது. எல்லாச் செல்களும் ஒரே குரலில் பேச ஆரம்பித்ததும், தேர் இழுக்கிறவர்கள் 'ஹோ' என்று சேர்ந்து இழுப்பது மாதிரி, கர்ப்பப்பை முழுவதும் சேர்ந்து சுருங்கும். அதுதான் நிஜமான வலி.

ஆகையால் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணே, வலி வந்தால் கடிகாரத்தைப் பார். வந்து போய், வந்து போய், இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், நடந்தாலும் படுத்தாலும் அடங்காவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான். 37 வாரம் முடிவதற்கு முன்னாலேயே இப்படி வந்தால் "பொய் வலியாத்தான் இருக்கும், கஷாயம் குடி" என்று யார் சொன்னாலும் வீட்டில் உட்காரக் கூடாது. தண்ணீர்க்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. வலிக்காகக் காத்திராமல் உடனே போய்விட வேண்டும்.

அடுத்தது தாய்ப்பால். கர்ப்பமாக இருக்கும்போதே மார்பில் பால் சுரக்கும் செல்கள் தயாராகிவிடுகின்றன. ஆனால் அவற்றின் நடுவில் இருக்கும் கேஸ்கட் அப்போது இறுக்கமாக இருக்காது. ரத்தத்திலுள்ள உப்பு பாலுக்குக் கசியும், பாலின் சர்க்கரை ரத்தத்துக்குக் கசியும். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் ஒரு ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதற்கப்புறம் சில நாளில் அடைப்பு இறுகிவிடும், உப்பு குறையும், பால் பெருகும். மூன்றாம் நாள் வாக்கில் 'பால் இறங்குகிறது' என்கிறோமே, அதன் உள்விவரம் இதுதான். அதுவரை வருகிற சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டாதீர்கள். நோயைத் தடுக்கும் சத்து நிறைந்தது அது.

பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து வீங்கினால் அந்த அடைப்பு மறுபடி தளர்ந்துவிடும். பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும். குழந்தை வாய் வைத்து முகம் சுளிக்கலாம். "பால் கெட்டுப்போச்சு, நிறுத்திடு" என்று சொல்பவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது. பால் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. சட்டென்று நிறுத்தினால்தான் கட்டு அதிகமாகிச் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. வழக்கம்போல் கொடுத்துக்கொண்டே இருங்கள். குழந்தை குடிக்க மறுத்தால் கையால் மெதுவாகப் பீய்ச்சிவிடுங்கள். ஒரு நாளில் காய்ச்சலும் சிவப்பும் தணியாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சமையலறையில் நின்றால் சூடு படாமல் இருக்குமா? தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிறது, குக்கர் ஆவி அடிக்கிறது. உடனே 20 நிமிஷம் ஓடும் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் எழும்பினால் உடைக்காதீர்கள். தோலின் அடுக்குகள் விட்டுப்போன இடத்தில் நீர் கோத்திருக்கிறது. மேல்தோல் கிழியாமல் இருக்கும்வரை அதுவே நல்ல கட்டு. அதன் அடியில் நடப்பது அதிசயம். புண்ணின் ஓரத்திலிருக்கும் செல்கள், 'பக்கத்தில் ஆளைக் காணோமே' என்று தெரிந்துகொண்டு உள்நோக்கி நகர ஆரம்பிக்கும். எதிர்க்கரையிலிருந்து வரும் செல்லைத் தொட்டதும், வந்த வேலை முடிந்தது என்று நின்றுவிடும்! "புண்ணைக் காற்றாட விடு, காயட்டும்" என்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணைவிட, சுத்தமாக மூடி ஈரம் காயாமல் வைத்த புண்ணில் தோல் சீக்கிரமாக மூடியதை 1962-லேயே விண்டர் என்ற விஞ்ஞானி பன்றிகளிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஈரமான பாதையில் செல்லுக்கு நடப்பது சுலபம், அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்னது ஒரு வியாதியைப் பற்றிச் சொல்வதற்காக. ஆற அமரப் படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. பல மாதமாக அவளுக்கு வாய்ப்புண். "சூடு" என்று எல்லோரும் சொன்னார்கள். மணத்தக்காளிக் கீரை, நீர்மோர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஆயிற்று. காரம் சாப்பிட முடியாமல், பிறகு ரசம் சாதமே விழுங்க முடியாமல் பாதியாக இளைத்துவிட்டாள். அப்புறம் முதுகிலும் தலையிலும் தொளதொளவென்று கொப்புளங்கள். புடவை உரசினாலே உடைந்து, தோல் உரிந்து ரணமாகிவிடும். 'அம்மை' என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிட வேண்டாமா? இது இறங்கவில்லை. மாமியார் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப் பக்கத்து அறையில் தனிப் பாய் என்று ஒதுக்கிவிட்டார். மகன் கிட்டே வந்தால் "அம்மாவைத் தொடாதே, ஒட்டிக்கும்" என்பார்கள். ஐந்து வயசுக் குழந்தை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். வந்த பெயர் 'பெம்ஃபிகஸ் வல்காரிஸ்'. அந்த டாக்டரம்மா மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மா, இது ஒட்டுவாரொட்டி இல்லை. உங்க மருமக தோலிலே இருக்கிற ஒட்டு விட்டுப்போயிருக்கு. அவ்வளவுதான். கிருமியே இல்லாதப்போ உங்களுக்கு எப்படி வரும்?"

எத்தனை அழகாகச் சொல்லிவிட்டார்! நம் உடம்பில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படை ஒன்று இருக்கிறதல்லவா? சிலருக்கு அந்தப் படை ஆள் தெரியாமல், தோல் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் டிச் பட்டன் மீதே பாய்ந்துவிடும். பட்டன் விட்டுப்போனால் செல்கள் பிரியும், நடுவில் நீர் கோக்கும், கொப்புளமாகும். தோலில் இந்தப் பட்டனுக்கு இரண்டு வகைப் புரதம் துணை. ஒன்று போனாலும் மற்றது கொஞ்ச நாள் தாங்கும். வாயின் உள்தோல் பெரும்பாலும் ஒன்றையே நம்பியிருக்கிறது. அதனால்தான் பலருக்கு முதலில் வாய் புண்ணாகிறது, பல மாதம் கழித்துத் தோலுக்கு வருகிறது. நோயாளியின் ரத்தத்தில் இந்தத் தவறான படை இருப்பதை 1964-ல் அமெரிக்காவில் பியூட்னர், ஜோர்டன் என்ற இருவர் கண்டார்கள். அது தாக்குவது கேடெரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதத்தையே என்பது 1991-ல் அமாகாய், ஸ்டான்லி முதலானவர்களால் தெரிந்தது. கடற்பஞ்சைப் பிழிந்து பார்த்தவர்களின் வழியில் வந்த அறிவு, எங்கள் தெருப் பெண்ணின் வியாதிக்குப் பெயர் சொல்லப் பயன்பட்டது!

1950-களில் ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. தோல் இல்லாத இடத்தில் நீரும் சத்தும் வடிந்து, கிருமி புகுந்து உயிர் போய்விடும். இன்று அப்படி இல்லை. நம் நாட்டிலேயே டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா, மாதத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் மருந்து ஏற்றும் ஒரு முறையை வகுத்து 1984-ல் வெளியிட்டார். அதனால் எத்தனையோ பேர் குணமானார்கள். 'ரிடுக்சிமாப்' என்ற ஊசி மருந்தை இந்த நோய்க்கென்று அமெரிக்க அரசு 2018-ல் அங்கீகரித்தது. நம் ஊர்களிலும் அதைக் கொடுக்கிறார்கள். மருந்து நீண்ட நாள் சாப்பிட வேண்டியிருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு எல்லாவற்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். "கொப்புளம் போயிடுச்சே" என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

எங்கள் தெருப் பெண் இப்போது மாத்திரையின் அளவு குறைந்து, கூடத்தில் உட்கார்ந்து பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, ரணம் எரிஞ்சதைக்கூடத் தாங்கிட்டேன். என் தட்டை மட்டும் தனியா கழுவி வச்சாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

சகோதரிகளே, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் சூடு என்று விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் பெம்ஃபிகஸாக இராது, வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். காட்டிவிடுவதே நல்லது. தொளதொளத்த கொப்புளம் மீண்டும் மீண்டும் வந்தால் பச்சிலை அரைத்துப் பூசாமல் தோல் டாக்டரிடம் போங்கள். உரிந்த இடத்தில் ஒட்டாத கட்டுப் போட்டு, மெல்லிய பருத்திப் புடவையாக உடுத்தி, காரமில்லாத, குழைந்த, ஆறிய சாப்பாடாகக் கொடுங்கள். சின்னம்மை மாதிரி தொற்றும் கொப்புளமும் உண்டு என்பதால், எந்தக் கொப்புளம் எது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்றைக்கே அந்தத் தனித் தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கிவிடுங்கள். குழந்தையை மடியில் உட்கார விடுங்கள். செல்லின் ஒட்டு விட்டுப்போனவளுக்கு, வீட்டின் ஒட்டும் விட்டுப்போக வேண்டாம்.